பொதுவில் ஆடுகிறவர் யாருக்குச் சொந்தம்?

தில்லைக் கோயிலுக்குத் தமிழில் வழங்கிவந்த பழைய பெயர்களில் ஒன்று ‘பொது’. அம்பலம், மன்று, பொது ஆகிய மூன்றுமே ஊரார் கூடும் திறந்த இடத்தைக் குறித்த சொற்கள். மறைத்து வைத்தது வெளியே தெரிந்துவிட்டால் ‘அம்பலமாகிவிட்டது’ என்பது இன்றும் பேச்சு வழக்கு. அந்த அம்பலத்தில்தான் சிதம்பர ரகசியம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. கோயிலை நடத்திவருபவர்களின் பெயரும் பொது தீட்சிதர்கள்தான். கோயில் பொதுவா, அவர்களுக்கு மட்டும் உரியதா என்ற வழக்கு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 2014 வரை நீதிமன்றங்களில் நடந்தது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் சமயமும் சாதியும் மொழியும் கட்சி அரசியலும் ஏதோ ஒரு வழியில் இந்த ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொள்கின்றன.

நடராசர் கோயில் ஏறத்தாழ 40 ஏக்கர். நான்கு வீதி, நான்கு ராஜகோபுரம். சிவன் கோயில்களில் கருவறையில் லிங்கம் இருக்கும், நடராசர் உற்சவராக இருப்பார். இங்கே ஆடும் உருவமே மூலவர். அந்த மூலவரே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரேறித் தெருவுக்கு வருகிறார். பூசை ஆகமப்படி நடப்பதில்லை, பதஞ்சலி வகுத்த வைதிக முறைப்படி நடக்கிறது என்பது தீட்சிதர்கள் கொள்கை. தில்லை மூவாயிரவர் என்று பாடல் பெற்ற அந்த மரபினர் இன்று சில நூறு குடும்பங்கள். முன்குடுமிதான் அவர்கள் அடையாளம். மணமானவருக்கே பூசை உரிமை. முறை வைத்துப் பூசை செய்வார்கள். முடிவுகளைக் கூட்டத்தில் எடுப்பார்கள். தங்களுக்குள் பார்த்தால் இது ஒருவகைக் குடியரசு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடைத்த கதவு.

நடராசர் ஆடும் சபைக்கு எதிரிலேயே கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். வைணவர்களுக்கு இது தில்லைத் திருச்சித்திரகூடம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஓரிடத்தில் நின்று இருவரையும் தரிசிக்கலாம் என்பதைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். அந்த ஒற்றுமையின் கதை அவ்வளவு இதமானதல்ல. இரண்டாம் குலோத்துங்கன் பெருமாளை அகற்றினான் என்பது வைணவ மரபு. விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் 1539இல் மீண்டும் நிறுவினார். செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் பெருமாள் சன்னதித் திருப்பணியைத் தொடங்கியபோது தீட்சிதர்கள் கோபுரத்தில் ஏறி ஒருவர் பின் ஒருவராகக் குதித்து உயிர்விட்டார்கள். 1597இல் அங்கே இருந்த பிமென்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் இதை எழுதிவைத்திருக்கிறார். இருபது பேர் இறந்த பிறகும் நாயக்கர் அசையவில்லை. மேலே ஏறுகிறவர்களைச் சுடச் சொன்னாராம். அரசு கோயிலுக்குள் நுழைவதைத் தீட்சிதர்கள் எதிர்ப்பது இந்து சமய அறநிலையத் துறையோடு தொடங்கியதல்ல. துறைக்கு முன்னால் நாயக்கர்.

தமிழ்ப் பாட்டுக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள உறவு இன்னும் சிக்கலானது. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்று தீட்சிதர்கள் மறுத்தார்கள், சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறக்க வைத்தான், பாதி ஏடுகளைச் செல்லரித்திருந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. வரலாறாக இதை எத்தனை தூரம் கொள்ளலாம் என்பது தனிக் கேள்வி. அந்த நூலை உமாபதி சிவாசாரியார் பாடியதாகச் சொல்வார்கள். அவர் தில்லைவாழ் அந்தணர் மரபில் பிறந்தவர். மறைஞானசம்பந்தரைக் குருவாக ஏற்றதால் சொந்த மரபினரே தள்ளிவைத்தார்கள், ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் மடம் அமைத்துத் தங்கினார் என்கிறது மரபு. திருவிழாக் கொடி ஏறாமல் நின்றபோது விலக்கிவைத்தவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் கொடிக்கவி பாடினார், கொடி ஏறியது.

இருபதாம் நூற்றாண்டில் அதே ஊர் தமிழின் தலைநகர்போல ஆனது. 1920இல் மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1941இல் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடத்தினார். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற கிளர்ச்சி இங்கிருந்து கிளம்பிற்று. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1965 ஜனவரி 27 அன்று இங்கேதான் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், சிற்றம்பல மேடையில் நின்று ஓர் ஓதுவார் தேவாரம் பாடுவதற்கு மட்டும் 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி 2000ஆம் ஆண்டில் மேடையேறிப் பாட முயன்று அடி வாங்கினார். எட்டு ஆண்டுகள் வழக்கும் போராட்டமும். அவருக்குத் துணை நின்றவர்கள் யார் என்பதுதான் வேடிக்கை. கடவுள் மறுப்பாளர்களான மக்கள் கலை இலக்கியக் கழகத்தாரும் மனித உரிமைப் பாதுகாப்பு மையத்து வழக்கறிஞர்களும் அவர் பக்கம் நின்றார்கள். செங்கொடி பிடித்தவர்கள் திருமுறைக்காகச் சிறை சென்றார்கள். 2008 பிப்ரவரி 29 அன்று, பெரியார் வழிவந்த கட்சியின் ஆட்சி, மேடையில் எவரும் தேவாரம் பாடலாம் என்று அரசாணை வெளியிட்டது. மார்ச் 2 அன்று போலீஸ் காவலோடு ஆறுமுகசாமி பாடினார். கடவுள் இல்லை என்று சொன்ன இயக்கத்தின் வாரிசுகள் கடவுள் பாட்டுக்குக் காவல் நின்றார்கள். கடவுளுக்குப் பூசை செய்கிறவர்கள் தடுத்தார்கள்.

நீதிமன்றக் கதைக்கு வந்தால், அது 1890இல் சூடு பிடிக்கிறது. கோயில் தங்கள் தனிச்சொத்து என்ற வாதத்துக்குச் சான்று ஏதுமில்லை, இது பொதுக் கோயில்தான் என்று அந்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அமர்வில் இருந்தவர் அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர். 1951இல் அரசு நிர்வாக அதிகாரியை நியமித்தபோது உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. தீட்சிதர்கள் அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவுக்கு உட்பட்ட தனிச் சமயப் பிரிவினர் என்றது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. 1987இல் மறுபடி நிர்வாக அதிகாரி, மறுபடி வழக்கு. 2009 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்ததும் துறை பொறுப்பேற்றது. அந்த வழக்கில் தீட்சிதர்கள் காட்டிய கணக்கு பல நாள் டீக்கடைப் பேச்சாக இருந்தது: 2007ஆம் ஆண்டு வருமானம் 37,199 ரூபாய், செலவு 37,000, கையிருப்பு 199. பொற்கூரை வேய்ந்த கோயிலின் ஆண்டு மிச்சம்!

தீட்சிதர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். சுப்பிரமணியன் சுவாமியும் சேர்ந்துகொண்டார். 2014 ஜனவரி 6 அன்று தீர்ப்பு. நிர்வாகத்தில் குறை இருந்தால் அதைச் சரிசெய்யும் வரைதான் அரசு எடுத்துக்கொள்ளலாம், காலவரையின்றி வைத்துக்கொள்ள முடியாது, 1951 தீர்ப்பு முடிந்த முடிபு என்றது நீதிமன்றம். இந்து ஒற்றுமை பேசுகிறவர்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். வென்ற வாதமோ, தீட்சிதர்கள் மற்ற இந்துக்களிலிருந்து வேறான ஒரு பிரிவினர் என்பது. ‘எல்லாருக்கும் பொது’ என்ற வாதம் அறநிலையத் துறையின் கையில் இருந்தது, அது தோற்றது.

உலகில் வேறு இடங்களோடு வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் நிலை விசித்திரமானது. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு மதகுருமார் அரசை நடத்துகிறார்கள். அங்கே தேர்தலும் உண்டு, தேர்தலில் யார் நிற்கலாம் என்று வடிகட்டும், மதகுருமார் இடம்பெற்ற சபையும் உண்டு. தமிழ்நாட்டில் இது தலைகீழ். சமயச் சார்பற்ற அரசு ஒன்று 36,000க்கும் மேற்பட்ட கோயில்களை நடத்துகிறது. உண்டியல் எண்ணுவதும் குடமுழுக்குக்குத் தேதி வைப்பதும் அரசு அலுவலர் வேலை. அந்தப் பெரிய வலைக்குள் சிக்காத பெருங்கோயில் தில்லை.

2014 தீர்ப்போடு சண்டை ஓயவில்லை. கொரோனாக் காலத்தில் சிற்றம்பல மேடையான கனகசபை மீது பக்தர்கள் ஏறுவது நின்றது; தொற்று போனபின்னும் தடை போகவில்லை. 2022 பிப்ரவரியில் மேலே ஏறிய பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தாக்கப்பட்டதாகத் தீட்சிதர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று. அவர்கள் மறுத்தார்கள். மே 17 அன்று கனகசபையில் நின்று வழிபடலாம், பாடலாம் என்று அரசாணை வந்தது. அடுத்த ஆண்டு ஆனித் திருமஞ்சன நாள்களில் ஏறக்கூடாது என்று தீட்சிதர்கள் பலகை வைத்தார்கள். அதிகாரிகள் போலீசோடு வந்து பலகையை எடுத்தார்கள். நாட்டியப் பெருமானின் ஒரு சிலை 2004 முதல் ஜெனீவாவின் அணு ஆய்வுக்கூட வளாகத்தில் நிற்கிறது. அங்கே பக்கத்தில் போக அரசாணை தேவைப்படவில்லை.

கனகசபையில் யார் நிற்கலாம் என்ற கேள்விக்கு மிகப் பழைய வடிவம் நந்தன் கதை. சுந்தரர் பெயரை மட்டும் சொன்ன திருநாளைப்போவார் என்ற நந்தனுக்குச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் முழு வாழ்க்கையை எழுதினார். எழுதி அரங்கேற்றியது இதே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பார்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் தில்லை எல்லையில் தயங்கி நிற்கிறார், தீயில் மூழ்குகிறார், பூணூலோடு எழுகிறார், பிறகுதான் உள்ளே போகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தன் சரித்திரக் கீர்த்தனையில் பண்ணையார் ஒருவரைச் சேர்த்தார். கதைக்குள் கூலியும் நிலமும் வந்தன. நந்தன் 63 நாயன்மார் வரிசையில் கைகூப்பி நிற்கிறார், அவர் பிறந்த சாதியினர் கோயிலுக்குள் போகும் உரிமையைச் சட்டம் தர 1947 ஆக வேண்டியிருந்தது. நந்தன் நுழைந்த தெற்கு வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள், திறக்க வேண்டும் என்பது தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டம். அப்படி ஒரு வாசலே இல்லை என்பது தீட்சிதர் தரப்பு.

நந்தன் பெயரைக் கொண்டே நந்தன் கதையை மாற்றிக் காட்டியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கம் 1890இல் பிறந்து, துறவு பூண்டு, 1910 வாக்கில் சிதம்பரம் வந்தார். 1916இல் ஓமக்குளத்தருகே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். காந்தி 1927இல் அங்கே வந்தார். சகஜானந்தர் காவி கட்டியவர், சைவம் பேசியவர், சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர். தீக்குளித்து உள்ளே போன நந்தனை விட, பள்ளிக்கூடத்துக்குள் போகும் பிள்ளைகள் அவருக்கு முக்கியமாக இருந்தார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவு தந்த பள்ளி அது.

அடுத்த தலைமுறையில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள். காங்கிரஸ்காரர். தீண்டாமை பற்றி ஆராய நடுவண் அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைவர். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்தக் குழு 1969 அறிக்கையில் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு 1970இல் சட்டம் கொண்டுவந்தது, உச்ச நீதிமன்றம் 1972இல் வாரிசு உரிமை ஒழிப்பை ஏற்றது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்ற திட்டத்துக்கு இது முன்னோடி. பெருமை திராவிட இயக்கத்துக்குப் போனது; பரிந்துரை எழுதியவர் காங்கிரஸ்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் சொந்த வட்டாரத்தின் பெரிய கோயிலுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தவில்லை.

சிதம்பரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. வன்னியர்களும் பட்டியல் சாதியினரும் பெருந்தொகையாக வாழும் பகுதி. வன்னியர் கட்சியாக வளர்ந்த பாட்டாளி மக்கள் கட்சி 1998இல் இங்கே தலித் எழில்மலையை நிறுத்தி வென்று, அவரை நடுவண் அமைச்சராகவும் ஆக்கியது. பெயரிலேயே தலித் என்று வைத்துக்கொண்டவர் மாம்பழச் சின்னத்தில் வென்ற தொகுதி! அடுத்த இரண்டு தேர்தல்களில் அதே கட்சியின் பொன்னுசாமியிடம் தோற்ற தொல். திருமாவளவன் 2009இல் வென்றார், 2014இல் தோற்றார், 2019இல் 3,219 வாக்கில் கரையேறினார், 2024இல் லட்சத்தைத் தாண்டிய வித்தியாசம். மனுநூலைத் தடைசெய்யச் சொல்பவர் தீட்சிதர் வீதிகளுக்கும் எம்.பி. வீதிகளில் வாக்குப்பெட்டி பொதுவாகிவிட்டது.

கடலூர்ப் பக்கம் சமய மாற்றம் இன்னும் பழைய சங்கதி. பாடலிபுரம் என்ற திருப்பாதிரிப்புலியூர் சமணர்களின் கல்வித் தலம். லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458இல் பாடலிகையில் எழுதி முடிக்கப்பட்டது என்று நூலே குறிக்கிறது. அங்கே தருமசேனர் என்ற பெயரில் தலைமைத் துறவியாய் இருந்தவர்தான் சூலை நோய் தீர்ந்து திருவதிகையில் அப்பர் ஆனார். அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்த பல்லவ மன்னனே பின்னால் சைவனாகி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லில் திருவதிகையில் சிவன் கோயில் எழுப்பினான் என்று பெரியபுராணம் பெருமையோடு சொல்கிறது. இடித்துக் கட்டியதைப் பெருமையாகப் பாடிய நூல்தான் கொல்லாமையைப் போற்றும் சைவத்தின் பன்னிரண்டாம் திருமுறை.

அதே கடலூரில் 1944இல் கூட்டம் முடிந்து ரிக்‌ஷாவில் போன பெரியார் மீது செருப்பு விழுந்தது. ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றொன்றையும் எடுத்துக்கொண்டார் என்பார்கள். அந்த இடத்தில் 1972இல் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. சிலை வணக்கத்தைக் கேலி செய்தவருக்கு இன்று ஊர்தோறும் சிலை, பிறந்தநாளில் மாலை.

கடற்கரையில் வேறொரு கலப்பு. பரங்கிப்பேட்டைக்கு முஸ்லிம் ஆட்சியில் மகமூது பந்தர் என்று பெயர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். ‘பரங்கி’யும் ஐரோப்பியரைக் குறித்த பாரசீகச் சொல்லின் வழி வந்ததுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்றும் புழங்கும் தாசில்தார், ஜமாபந்தி, பசலி எல்லாம் அந்த வழியில் வந்தவை. தமிழ் வாழ்க என்று மின்விளக்கில் எழுதிய கட்டடத்துக்குள் பட்டா வாங்கப் போகிறவர் அரபும் பாரசீகமும் கலந்து பேசிவிட்டுத்தான் வெளியே வருவார். பக்கத்துக் கிள்ளையில் மாசிமகத் தீர்த்தவாரிக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் வரும்போது தைக்கால் தர்காவின் முன் பல்லக்கு நிற்கிறது. முஸ்லிம்கள் பெருமாளுக்கு மாலையும் பட்டும் தருகிறார்கள். பூவராகருக்குப் பன்றி வடிவம் என்பதோ, முஸ்லிம்களுக்குப் பன்றி விலக்கு என்பதோ அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

தில்லைக்கு மாற்றாக ஒரு பொதுவைக் கட்ட முயன்றவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர். தில்லை நடராசரை உருகிப் பாடியவர், பிறகு சாதியும் சமயமும் பொய் என்றார். 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்து அந்த இடத்தை உத்தரஞான சிதம்பரம் என்றார். அங்கே விக்கிரகம் இல்லை, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு சோதி. சாதி கேட்காத சபைக்கும் ஒரு வாசல் விதி உண்டு: புலால் உண்பவர்கள் உள்ளே போகக்கூடாது, வெளியே நின்று வழிபடலாம். மீன் விற்றும் ஆடு வளர்த்தும் பிழைக்கும் வட்டாரத்தில் இது சின்ன விதி அல்ல.

அவருக்கு வந்த எதிர்ப்பு தில்லையிலிருந்து வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலை நிறுவியவர். வைதிக முறையில் பூசை செய்யும் தீட்சிதர்கள் சைவ ஆகமத்தை மதிக்கவில்லை என்று அவர்களோடும் அவருக்குச் சண்டை. இராமலிங்கரின் பாடல்களை ‘அருட்பா’ என்று அழைப்பது தகாது, அது மருட்பா என்று அவர் தரப்பு எழுதியது. 1869இல் தில்லைக் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசியதாக நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் இராமலிங்கரும் தீட்சிதரும் சேர்ந்தே நின்றார்கள். சாதியை மறுத்தவரும் வேதத்தைக் காத்தவர்களும் ஒரே பக்கம், சைவத்தைக் காக்க வந்தவர் எதிர்ப்பக்கம். இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். அவர் உள்ளே வந்தபோது நாவலரும் எழுந்து நின்றார் என்ற கதை இன்றும் அன்பர்களிடையே உலவுகிறது.

1874இல் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்ட பிறகு சபைக்குள் லிங்கமும் பிரதோஷ பூசையும் நுழைந்தன. அவர் வகுத்த சோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஏற்றது. உருவ வழிபாட்டை நிறுத்தச் சொன்னது கோயில்களை நடத்தும் துறை. 2021இல் அவர் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023 ஜூனில் வடலூருக்கு வந்த ஆளுநர் ஆர்.என். ரவி அவரைச் சனாதன தருமத்தின் உச்ச நட்சத்திரம் என்ற பொருளில் பேச, பெரிய சர்ச்சை எழுந்தது. சமயங்களை விட்டவரை இரு முகாமும் தம் பக்கம் இழுத்தன.

2024 பிப்ரவரியில் ஞான சபைப் பெருவெளியில் ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு அடிக்கல் நாட்டியது. இராமலிங்கர் கேட்டபோது தங்கள் நிலத்தைக் கொடுத்தது பக்கத்துப் பார்வதிபுரம் மக்கள். 80 காணி என்பது அவர்கள் கணக்கு. தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகிச் சோதி தெரியும்போது லட்சக்கணக்கானவர்கள் நின்று பார்ப்பதற்காகவே அந்த வெட்டவெளி காலியாக விடப்பட்டது, அதில் கட்டடம் கூடாது என்று ஊர் மக்கள் ஏப்ரலில் தோண்டிய குழிகளில் இறங்கி நின்றார்கள். வள்ளலார் புகழைப் பரப்பத்தான் கட்டுகிறோம் என்றது அரசு. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.